செக்ரோலில் மட்டும் ஏறிய பெயர்கள்

பெண் கலைஞர் என்று பேச்செடுத்தால் நம்ம இலக்கியவாதிகள் நேரே ஔவை, ஆண்டாள் என்று போய் நிற்பார்கள். அங்கிருந்து சங்கீத மேடைக்கு. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் பாடியவள் அந்த வரிசையில் வரமாட்டாள். 'நாட்டார்' என்று பொதுப்பெயர் கொடுத்து அவளை முடித்துவிடுகிறார்கள்.

மாஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 8,374 ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது பம்பாய் பர்மா கம்பெனி. அங்கே உழைத்தவர்கள் பெரும்பாலும் தலித் சனங்கள். எங்க பெரியம்மா நாலுமுக்கில் கொழுந்து எடுத்தவர். பாட்டைப் பற்றிக் கேட்டால், "ஏட்டி, பாட்டுன்னு தனியா ஒண்ணு உண்டா? கை ஓடுதுல்லா, வாயி சும்மாவா கெடக்கும்?" என்பார்.

அந்தப் பாட்டின் வடிவமே வேலையிலிருந்து வந்ததுதான். இரண்டு கையும் செடியில். ஆகவே தாளக்கருவி இல்லை. மேலே நிற்பவள் எடுத்துக்கொடுப்பாள், கீழே நிற்பவள் முடிப்பாள். கங்காணியை வைகிற பாட்டு, அவர் தலை தெரிஞ்சதும் முருகன் பாட்டாகிவிடும். தணிக்கையை ஏமாற்றிய கவிஞர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, இது என்னவாம்?

பெயர் யாருக்குக் கிடைக்கிறது என்பதற்கு இலங்கை மலையகம் சாட்சி. தமிழ்நாட்டுச் சனங்கள் கங்காணி பின்னால் போய்ச் சேர்ந்த தோட்டங்கள் அவை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகம் அவர் பெயரில் வந்தது. அவர் துணிச்சல் பெரியது. ஆனால் அவருக்குக் கல்வி இருந்தது, பத்திரிகை இருந்தது, மேடை இருந்தது. கீழே உட்கார்ந்து கேட்டவர்களும் பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள்தான். அவர்கள் பாட்டுகளைப் பின்னால் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். நல்ல காரியம். ஆனாலும் நிலைத்தது தொகுத்தவர் பெயர். கட்டியவள் பெயர் இல்லை. அந்தத் தோட்டங்களில் 'பேர்' என்றாலே ஒருநாள் கூலிக்கணக்கு. கொழுந்து எடை குறைந்தால் 'அரைப்பேர்'. எழுத்தில் அவளுக்கு இருந்த பெயர் செக்ரோலில் ஏறிய அது ஒன்றுதான்.

ஒப்பாரிக்கும் இதே கதி. மேல்சாதி வீட்டு இழவில் போய் அழுவது பல ஊர்களில் நம்ம பெண்கள்மேல் சுமத்தப்பட்ட வேலை. செத்தவரின் வாழ்க்கையை நின்ற இடத்தில் ராகம் போட்டுக் கட்டுகிற கலை அது. அதற்கு நம்ம மொழி கொடுத்த மரியாதை, 'கூலிக்கு மாரடிக்கிறது' என்கிற வசவு.

சொந்தச் சாவுக்கு அழும்போதுதான் அது அவளுடைய பாட்டு. மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அதில் பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. பின்னால் மாரி செல்வராஜின் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' கதைத் தொகுப்பு வந்தது. இழவு வீடுகளில் கட்டி அழுத பாட்டுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. பாமா 'சங்கதி'யில் (1994) நம்ம பெண்களின் பாட்டையும் வசவையும் அவர்கள் பேச்சிலேயே அச்சுக்குக் கொண்டுவந்தார். அதற்கே எத்தனை முகச்சுளிப்பு!

2024இல், குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்கித் தோட்டத்தை மூடியது. பக்கத்துப் பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்தவர்களில் பலர் ஆளுக்கொரு ஊராக இறங்கிவிட்டார்கள். பெரியம்மா மேலே நின்று எடுத்துக்கொடுக்கிறவர். அவருக்கு அந்த அடிகள் மட்டும்தான் தெரியும். பதிலடி பாடுகிறவர் இப்போது மகன் வீட்டோடு கேரளாவில் இருக்கிறார்.