மங்கீஸ்: பெயர் இருந்தது, ஆட்கள் இல்லை

‘ஷ்ரெக்’ படம் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ‘ஐம் எ பிலீவர்’ பாட்டு நன்றாகத் தெரியும். 2001 இல் அந்தப் படத்துக்காக அதைப் பாடியது ஸ்மாஷ் மவுத் குழு. ஆனால் நீல் டயமண்ட் எழுதிய இந்தப் பாட்டை 1966 இல் உலகறியச் செய்தது ‘த மங்கீஸ்’ என்ற அமெரிக்கப் பொப் இசைக்குழு. ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகவே ஆள் சேர்த்து உருவாக்கப்பட்ட குழு அது. அதை மீண்டும் உருவாக்க எடுத்த முயற்சிகள் ஏன் தோற்றன என்பதையே இங்கு பார்க்கிறோம்.

உருவான விதம்

பீற்றில்ஸ் குழுவின் திரைப்படங்களைப் பார்த்த பொப் ரஃபெல்சன், பேர்ட் ஷ்னைடர் என்ற இரு தயாரிப்பாளர்கள், அதே பாணியில் ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்க விரும்பினார்கள். 1965 செப்ரெம்பரில் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். 437 பேர் வந்ததாகச் சொல்வார்கள். இறுதியில் அமைந்த நால்வர் மிக்கி டொலென்ஸ், டேவி ஜோன்ஸ், மைக்கேல் நெஸ்மித், பீற்றர் ரோர்க். 1966 செப்ரெம்பர் 12 இல் என்.பி.சி.யில் தொடங்கிய தொடர் 1968 வரை 58 பகுதிகள் ஓடியது. 1967 இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எமி விருதையும் பெற்றது.

கதை எளிமையானது. கடற்கரை வீடொன்றில் வாடகை கட்ட வழியில்லாமல், வீட்டுக்காரருக்குப் பயந்து வாழும் நான்கு இளைஞர்கள். பாடிப் பிழைக்கப் பார்க்கிறார்கள், எப்போதும் சொதப்புகிறார்கள். மாத முடிவில் வாடகைக் காசை எண்ணி எண்ணி வைத்த அனுபவம் உள்ள நமக்கு அந்தச் சிரிப்பு உடனே விளங்கும்.

பொம்மைகள் பேசத் தொடங்கின

முதல் இரண்டு அல்பங்களில் நால்வரும் பெரும்பாலும் குரல் மட்டும் கொடுத்தார்கள். வாத்தியங்களை வேறு கலைஞர்கள் வாசித்தார்கள். பாட்டுகளைத் தெரிவு செய்தவர் டொன் கேர்ஷ்னர். இதை நெஸ்மித் பொறுக்கவில்லை. வாக்குவாதம் முற்றி, ஹோட்டல் அறைச் சுவரில் அவர் குத்திய குத்து இன்றும் பேசப்படுகிறது. கேர்ஷ்னர் நீக்கப்பட்டார். 1967 இல் நால்வரும் தாமே வாசித்த ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ அல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கம்பனி செய்த பொருள் உண்மையான இசைக்குழுவாக மாறியது அப்போதுதான்.

பெயர் இல்லாத ஆட்கள்

1975 இல் டொலென்ஸும் ஜோன்ஸும், தமக்குப் பாட்டெழுதிய பொய்ஸ், ஹார்ட் இருவருடன் சேர்ந்து மேடையேறினார்கள். பெயருக்கான உரிமை அவர்களிடம் இல்லாததால் ‘மங்கீஸ்’ என்று சொல்ல முடியவில்லை. 1976 இல் வந்த அவர்களது அல்பம் பெரிதாக விற்கவில்லை.

ஆட்கள் இல்லாத பெயர்

1986 பெப்ரவரியில் எம்.ரி.வி. பழைய தொடரை நாள் முழுதும் தொடர்ச்சியாக ஒளிபரப்பியது. புதிய தலைமுறை மயங்கியது. டொலென்ஸ், ஜோன்ஸ், ரோர்க் மூவரின் இசைப் பயணத்துக்கு அரங்குகள் நிறைந்தன. பழைய அல்பங்கள் மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏறின.

இதைக் கண்டதும் தொடருக்குச் சொந்தமான கொலம்பியா பழைய வழியையே திரும்பவும் எடுத்தது. புதிதாக நான்கு பேரைத் தெரிவு செய்து, 1987 இல் ‘நியூ மங்கீஸ்’ தொடரை வெளியிட்டது. 22 பகுதிகள் திட்டமிட்டார்கள். 13 ஓடியதோடு முடிந்தது. ஒரே ஒரு அல்பம் வந்தது, பட்டியலில் ஏறவில்லை.

பிழை எங்கே? முதலாவது, அசல் ஆட்கள் அப்போதுதான் மேடைக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் கண்முன்னே பாடும்போது நகலை யார் தேடுவார்கள்? இரண்டாவது, புதியவர்களைக் குடிவைத்தது பணியாளோடு கூடிய ஒரு பெரிய மாளிகையில். வாடகைக் கவலை போனதும் கதையின் உயிரும் போனது.

வணிகவியல் படித்த நாம் இதை ‘நன்மதிப்பு’ என்போம். ஒரு தொழில் தானாக வளர்த்த நன்மதிப்பை ஐந்தொகையில் காட்ட முடியாது. விலைகொடுத்து வாங்கியதை மட்டுமே எழுதலாம். கொலம்பியாவிடம் பெயரின் உரிமை பத்திரத்தில் இருந்தது. அந்தப் பெயருக்கு மதிப்பைத் தந்த நால்வர் அந்தப் பத்திரத்தில் இல்லை.

பெயரும் ஆட்களும்

1996 இல் நால்வரும் தாமே எழுதி, தாமே வாசித்து ‘ஜஸ்ரஸ்’ அல்பம் வெளியிட்டார்கள். 1997 இல் ஏ.பி.சி.யில் நெஸ்மித் இயக்கிய சிறப்பு நிகழ்ச்சி வந்தது. பழைய தொடர் நிற்கவே இல்லை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் கற்பனை. பெயரும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். இருந்தும் அல்பம் எடுபடவில்லை; தொடரும் மீளவில்லை. இருபது வயதில் வாடகைக்குத் திண்டாடுவது வேடிக்கை, ஐம்பதில் அப்படியல்ல.

மிஞ்சியது

ஜோன்ஸ் 2012 இல் காலமானார். 2016 இல் 50 ஆவது ஆண்டுக்கு வந்த ‘குட் டைம்ஸ்!’ அல்பம் அமெரிக்கப் பட்டியலில் 14 ஆம் இடம் வரை சென்றது. இம்முறை யாரும் இளைஞராக நடிக்கவில்லை. முதியவர்கள் முதியவர்களாகவே பாடினார்கள். ஜோன்ஸின் பழைய ஒலிப்பதிவு ஒன்றையும் சேர்த்து அவருக்கு இடம் வைத்தார்கள். 2019 இல் ரோர்க்கும் 2021 இல் நெஸ்மித்தும் மறைந்தார்கள். இன்று எஞ்சியிருப்பவர் டொலென்ஸ் ஒருவரே. ‘ஐம் எ பிலீவர்’ பாட்டின் முதன்மைக் குரலும் அவருடையதுதான். பிள்ளைகள் ‘ஷ்ரெக்’ பார்க்கும்போது அந்த அசலையும் ஒருமுறை போட்டுக் காட்டுவோம்.