தூத்துக்குடி வழியாகப் போன நர்சரிக்காரர்

நர்சரி வைத்திருப்பவர்கள் தாய்லாந்து போய்ப் புது ரக அடீனியம் பார்த்துவிட்டு வருவதெல்லாம் இப்போது சாதாரணம். 'பக்கத்துக் கடையில இருக்கிறதையே நாமளும் வச்சிருந்தா யாருங்க வாங்குவா?' என்பது எங்கள் குமாரபாளையம் பக்கத்து நியாயம். இந்தக் கேள்விக்கு வயது இருநூறு ஆகப்போகிறது.

இங்கிலாந்தில் வீச் என்று ஒரு குடும்பம். எக்ஸிடரிலும் பிறகு லண்டன் செல்சியிலும் நர்சரி நடத்தினார்கள். கண்ணாடி வீடு கட்டிச் செடி வளர்க்கும் பணக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஒரு செடி எல்லார் வீட்டுக்கும் போய்விட்டால் விலை விழுந்துவிடும். ஆகவே புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். 1840இல் தொடங்கி மொத்தம் 22 பேரை உலகெங்கும் செடி தேட அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் வார்ட் என்ற டாக்டர் கண்டுபிடித்த மூடிய கண்ணாடிப் பெட்டி இதற்குக் கைகொடுத்தது. உப்புக்காற்று படாமல், பல மாதக் கப்பல் பயணத்தைச் செடி தாங்கியது.

1891இல் அந்தக் குடும்பத்து இளைஞர் ஜேம்ஸ் ஹெர்பர்ட் வீச் தானே கிளம்பிவிட்டார். முதலில் இலங்கை. அங்கிருந்து தூத்துக்குடி வந்து, தரை வழியாகவே லாகூர் வரை. பிறகு கல்கத்தா, மலேயா, ஜாவா, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. 1893 வரை நீண்ட பயணம் இது.

இவ்வளவு சுற்றி அவர் அறிமுகப்படுத்தியவற்றில் பேர் வாங்கியது ஜப்பானியக் கூண்டு விளக்கு போன்ற ஒரு செடி. நம்ம வயல் வரப்பில் கிடக்கும் சொடக்குத் தக்காளியின் உறவுதான். நாம் பழத்தைத் தின்றுவிட்டு மேல் கூட்டை எறிவோம். அவர் அந்தச் சிவந்த கூட்டைத்தான் சரக்காகப் பார்த்தார். காயவைத்து ஜாடியில் வைக்கலாமே!

ஆனால் பயணத்தின் பெரிய லாபம் செடி அல்ல, அறிமுகம். ஜப்பானில் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்ஜென்ட்டைச் சந்தித்தார். 1899இல் வில்சன் என்ற 23 வயதுக்காரரை வீச் நிறுவனம் சீனாவுக்கு அனுப்பியபோது, அவர் முதலில் அமெரிக்கா போய் சார்ஜென்ட்டைப் பார்த்துவிட்டே போனார். இந்த முறை ஊர் சுற்றும் வேலை இல்லை. டாவிடியா என்ற 'கைக்குட்டை மர'த்தின் விதை வேண்டும், வேறெதிலும் காசை விடாதே என்பது உத்தரவு.

அந்த மரத்தை முன்பே பார்த்திருந்த அகஸ்டின் ஹென்றி, சீனச் சுங்கத்துறையில் வேலை பார்த்தவர். ஒரு நோட்டுத் தாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். அது காட்டிய பரப்பு சுமார் 20,000 சதுர மைல். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! 1900 ஏப்ரலில் வில்சன் இடத்தைக் கண்டுபிடித்தார். மரம் இல்லை. அதை வெட்டிப் பக்கத்தில் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். பிறகு வேறு இடத்தில் மரங்களைக் கண்டு விதை சேர்த்தார் என்பது தனிக்கதை. அதற்குள் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அனுப்பிய விதையில் ஒன்று பிரான்ஸில் முளைத்தும்விட்டது.

அதே பயணத்தில் வில்சன் ஒரு கொடியின் விதையையும் அனுப்பினார். வீச் அதை அழகுக் கொடியாக விற்றது. 1904இல் இசபெல் ஃப்ரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை சீனாவிலிருந்து அதே கொடியின் விதையை நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது பழத்தோட்டமானது. இன்று சேலம் பழக்கடையில் அடுக்கியிருக்கும் கிவி அதுதான். செடி ஒன்று, பார்த்த கண் வேறு. வீச்சின் செல்சி நர்சரியோ 1914இல் மூடப்பட்டது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாமக்கல், சேலம் காடுகளில் நிற்கும் மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். நம் ஜவ்வரிசித் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. அதன் பழைய எதிரியான மாவுப்பூச்சி 2020இல் கேரளாவில் தென்பட்டது. கொஞ்ச நாளில் நம்ம காட்டுக்கும் வந்துவிட்டது. அதை ஒழிக்கும் குட்டிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022இல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள்.

அதனால்தான் வெளிநாட்டுச் செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் கேட்கிறார்கள். பையில் மறைத்து ஒரு குச்சியைக் கொண்டுவருவது சுலபம். அதில் ஒட்டி வரும் பூச்சிக்கு விலை கொடுப்பது நர்சரிக்காரர் இல்லை, அடுத்த காட்டு விவசாயி. பார்த்துவிட்டு வர எதற்கும் அனுமதி வேண்டாம். வீச் கொண்டுவந்ததில் அதிகம் பயன்பட்டதும் பார்த்ததும் பழகியதும்தான்.