பேஸ்போல் ஆட்டத்தில் எறிமுறைகளின் வளர்ச்சி: ஒரு நோக்கு

விளையாட்டின் விதிகள் என்றும் மாறாதவை என எண்ணுவது எமது வழக்கம். வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, திறனுக்கும் கட்டுப்பாட்டுக்குமிடையே நிகழ்ந்த நீண்ட இழுபறியின் விளைவே அவ்விதிகள் என்பது புலனாகும். ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்திற் பந்தெறியும் முறைகள் வளர்ந்த கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1845 ஆம் ஆண்டில் நியூயோர்க் நிக்கபொக்கர் கழகத்தார் வகுத்த விதிகளின்படி, பந்தைத் துடுப்புக்கு வாய்ப்பாக இடவேண்டுமேயன்றி வீசியெறியலாகாது. எனவே அக்காலத்துப் பந்தெறிபவர் துடுப்பாளரின் எதிரியல்லர். அவருக்குப் பந்தளிக்கும் ஏவலாளரே. உயர்ந்த பந்து, தாழ்ந்த பந்து என விரும்பியதைக் கேட்டுப்பெறும் உரிமையும் துடுப்பாளருக்கு ஒரு காலத்தில் இருந்தது. அவ்வுரிமை 1887 இலேயே நீக்கப்பட்டது.

இவ்வேவலாளரை எதிரியாக்கியதில் வளைபந்துக்குப் பெரும் பங்குண்டு. வில்லியம் ஆதர் கமிங்ஸ் என்பவர், இளமையிற் கடற்சிப்பி ஓடுகளை எறிந்து விளையாடுகையில் அவை வளைந்து செல்வதைக் கண்டே இவ்வெண்ணம் தமக்கு உதித்ததாகப் பிற்காலத்திற் கூறினார். 1867 இல் ஹாவாட் பல்கலைக்கழக அணிக்கெதிராக அதனைக் கையாண்டதாகவும் அவர் உரைத்தார். பிறெட் கோல்ட்ஸ்மித் முதலியோரும் இப்பெருமைக்கு உரிமை கோரினர். ஆதலின் இதனைத் தனியொருவரின் கண்டுபிடிப்பு என அறுதியிட்டுரைத்தல் பொருந்தாது.

திறன் முன்செல்ல, விதி பின்தொடர்ந்தது. தோளுக்கு மேலாகக் கையுயர்த்தி எறிவதைத் தேசிய லீக் 1884 இல் அனுமதித்தது. கிரிக்கெட்டில் இத்தகைய மாற்றம் 1864 இலேயே நிகழ்ந்தமை ஒப்புநோக்கத்தக்கது. எறிபவரின் ஆதிக்கம் ஓங்கவே, 1893 இல் எறியும் தூரம் 60 அடி 6 அங்குலமாக நீட்டப்பட்டது.

எறிமுறைகளின் வேறுபாடு பெரிதும் விரல்களிலும் மணிக்கட்டிலும் தங்கியுள்ளது. வேகப்பந்தில் சுட்டுவிரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே அமையும். பந்து விரல் நுனிகளை விட்டு நீங்குகையிற் பின்னோக்கிச் சுழல்வதால், அது எதிர்பார்த்த அளவு தாழ்வதில்லை. வளைபந்தில் விரல்கள் பந்தின் மேலாக முன்னோக்கி உருட்டுகின்றன. அதனால் அது சடுதியாகத் தாழ்கிறது. மெதுபந்து உள்ளங்கையில் ஆழப் பதித்து, கைவீச்சின் வேகம் குறையாமலே எறியப்படுவது. நகநுனிகளாற் பிடித்துச் சுழற்சியின்றி விடப்படும் பந்தோ தையலிற் காற்று மோதுவதால் அலைந்து செல்கிறது.

சுழலும் பொருளைக் காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதை ஜேர்மானிய அறிஞர் மக்னஸ் 1852 இல் ஆராய்ந்திருந்தார். எனினும் வளைபந்து வெறுங் கண்மயக்கமே என்ற வாதம் இருபதாம் நூற்றாண்டிலும் நிலவியது. 1959 இல் வெளியான லைமன் பிறிக்ஸின் ஆய்வு, பந்து 17½ அங்குலம் வரை வளையக்கூடும் எனக் காட்டியது.

எல்லாப் புதுமைகளும் ஏற்கப்பட்டனவல்ல. பந்தில் எச்சில் பூசியெறியும் முறை 1920 இல் தடைசெய்யப்பட்டது. அதனை ஏற்கெனவே கையாண்ட 17 பேருக்கு மாத்திரம் விலக்களிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையிற் பட்டு, கிளீவ்லன்ட் அணியின் றே சாப்மன் மறுநாள் உயிர்நீத்தார். அழுக்கேறிய பந்தைக் கண்டறிதல் அரிதென்பதால், அதன்பின் தூய பந்தையே ஆட்டத்திற் பயன்படுத்தும் வழக்கம் வலுப்பெற்றது. 1968 இல் எறிபவரின் கை மீண்டும் ஓங்கியபோது, அவர் நிற்கும் மேட்டின் உயரம் மறு ஆண்டே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். வளைபந்தும் எச்சிற்பந்தும் துடுப்பாளரை ஏமாற்றவே பிறந்தவை. ஒன்று கலையெனப் போற்றப்பட்டது. மற்றது கபடமென விலக்கப்பட்டது. இரண்டையும் பிரிக்கும் கோட்டை இயற்கை வரையவில்லை. ஆட்டத்தின் சமநிலையையும் ஆடுவோரின் உயிரையும் கருதி மனிதரே வரைந்தனர், வேண்டியபோது மாற்றியும் வரைந்தனர். விதிகளை மதிப்பவர் அவற்றின் வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.