கம்பத்துப் பன்னீர் திராட்சையும் அது போய்ச் சேராத ஒயினும்

எங்க பக்கம் ஒரு காலத்துல 'ஒயின்ஸ்' என்று பெரிய எழுத்தில் போர்டு போட்ட கடைகள் நிறைய இருந்தன. உள்ளே பிராந்தி, ரம், பீர் எல்லாம் ஓடும். அங்கே போய் ஒயின் கேட்டு வாங்கின ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. ஒயின் என்ற பேர் மட்டும் எப்படியோ நம்ம ஊர் போர்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் ஒயினுக்கு வேண்டிய பழம் விளைகிற பூமி நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. காரைக்குடியில் விடியக்காலை பஸ் ஏறி, மதுரையில் மாறி, தேனி வழியாகப் போனால் மத்தியானத்துக்குள் கம்பம். என் சின்ன மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது அந்தப் பக்கம்தான். சம்பந்தி வீட்டுக்கு ரெண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். அந்த உறவில் அஞ்சாறு தடவை போய் வந்ததில் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. நம்ம ஊர் செம்மண்ணும் செம்புராங்கல்லும், கண்மாய் நிறைந்தால்தான் நெல், இல்லாவிட்டால் கடலை, அதுவும் இல்லாவிட்டால் சீமைக்கருவேல் என்று வாழ்கிற மண். அங்கே மேற்கே பார்த்தால் கேரள எல்லை மலை சுவர் மாதிரி நிற்கிறது. கிழக்கே மேகமலை. நடுவில் நீளமாக ஒரு பள்ளம், அதில் ஓடுகிற ஆறு. தென்மேற்குப் பருவ மேகம் மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடும். இந்தப் பக்கம் காற்றும் வெயிலும்தான் மிச்சம். திராட்சைக்கு அதுதான் வேண்டும். பழம் பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் தோல் வெடிக்கும், நோய் வரும். "தலையில வெயிலு, காலுல தண்ணி, இது ரெண்டும் இருந்தா போதும் சம்பந்தி" என்று அவர் சொன்னார்.

வெயில் கடவுள் கொடுத்தது. தண்ணி மனுசன் கொண்டு வந்தது. இதில் நம்ம சீமைக்கும் பங்கு உண்டு. மேற்கே வீணாகக் கடலுக்குப் போகிற பெரியாற்றுத் தண்ணியைக் கிழக்கே திருப்பலாமா என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆள் அனுப்பிப் பார்த்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. காசு இல்லாமல் அது நின்றுபோனது. 1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம் வந்து சனங்கள் செத்து விழுந்த பிறகுதான் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அவசரம் வந்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு 999 வருசத்துக்குக் குத்தகை எழுதினார்கள். பென்னிகுவிக் என்ற எஞ்சினியர் சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டு அணையைக் கட்டி, மலையைக் குடைந்து தண்ணியை இந்தப் பக்கம் இறக்கினார். 1895 அக்டோபரில் திறந்தார்கள். இன்றைக்கும் அவர் பிறந்த சனவரி 15ஆம் தேதி அந்தப் பக்கத்து ஊர்களில் அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். சம்பந்தி வீட்டில் அவர் படம் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. அதே தண்ணிதான் வைகையில் சேர்ந்து, மதுரை தாண்டி, நம்ம சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் சிலதுக்கும் வருகிறது. எங்க ஊர்க் கண்மாய்க்கு வராது. அது தனிக்கதை, இன்னொரு நாள் புலம்புகிறேன்.

இனி பழத்துக்கு வருவோம். இந்தப் பழத்துக்கு வெளிநாட்டுப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற பழைய ரகத்துக்கும் இன்னொரு கறுப்பு ரகத்துக்கும் பிறந்த ஒட்டு. ஊதாவும் கறுப்பும் கலந்த நிறம், உள்ளே விதை, மெல்லிசான தோல். வாயில் போட்டால் ரோசாப்பூ வாசம் அடிக்கும். அதனால்தான் நம்ம ஆள்கள் பன்னீர் திராட்சை என்று பேர் வைத்தார்கள். எவன் வைத்தானோ, ஹாம்பர்க் என்ற பேரைவிட இது ஆயிரம் மடங்கு பொருத்தம்.

1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்று சொல்கிறார்கள். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளிலும் அதைத்தான் எழுதினார்கள். பாதிரியார் எதற்குத் திராட்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறுகிறார்? எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்றுதான். பூசைக்குத் திராட்சை ரசம் இல்லாமல் முடியாது. வேறு எந்தப் பழச்சாறும் அதற்கு ஆகாது என்பது அவர்கள் சட்டம். அப்படிப் பார்த்தால், நம்ம பக்கம் இந்தக் கொடி வந்ததே ஒயினுக்காகத்தான் இருக்க வேண்டும். தின்பது பிறகு வந்தது.

இதுக்கு முன்னாடி தமிழன் ஒயினே பார்க்காதவன் என்று நினைக்க வேண்டாம். பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கலத்தில் கொண்டு வந்த மதுவைப் பற்றி நக்கீரர் பாடினது புறநானூற்றில் இருக்கிறது. வைகை கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் தோண்டினபோது ரோமாபுரிக்காரர்கள் ஒயின் கொண்டு வருகிற ரெண்டு கைப்பிடி ஜாடியின் ஓடுகள் கிடைத்தன. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஆற்றின் வாய் வழியாக ஒயின் உள்ளே வந்தது. இன்றைக்கு அதே ஆற்றுக்குத் தண்ணி கொடுக்கிற பள்ளத்தாக்கில் திராட்சை விளைகிறது. நடுவில் ஒயின் மட்டும் காணாமல் போய்விட்டது.

தோட்டத்து வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், விவசாயிகளுக்குப் பிடிக்கும். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துப் பந்தல் போடுவார்கள். உள்ளே நடந்தால் கல்யாணப் பந்தலில் நடக்கிற மாதிரி நிழல். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பழம். கவாத்து பண்ணின நாளிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் அறுப்பு. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையை உதிர்த்துத் தூங்கிவிடும், வருசத்துக்கு ஒரு அறுவடைதான். கம்பத்தில் குளிரே இல்லை, கொடிக்குத் தூக்கமும் இல்லை. ரெண்டு வருசத்தில் அஞ்சு அறுவடை எடுக்கிறார்கள். ஒருத்தர் தோட்டத்தில் அறுப்பு, பக்கத்துத் தோட்டத்தில் பூ, அதுக்கடுத்ததில் கவாத்து என்று வருசம் பூரா எங்காவது ஒரு மூலையில் பழம் இருந்துகொண்டே இருக்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று அந்த வட்டாரம் முழுக்க இதே காட்சிதான். ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

அங்கே மருந்து அடிக்கிற இடத்தில் ஒரு பழைய நண்பனைப் பார்த்தேன். போர்டோ கலவை! மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி 100 லிட்டர். நான் எலுமிச்சைக்கு அடிக்கிறது அதேதான். கலந்த பிறகு அருவாளை உள்ளே முக்கி எடுத்து, செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு போடுவோமே, அதே கலவை. போர்டோ என்பது மருந்துக் கம்பெனி பேர் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன ஊராம். அங்கே ரோட்டோரத் திராட்சையைப் போகிற வருகிறவன் பறிக்கக் கூடாது என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பார்களாம். நீலமாகத் தெரிந்தால் விஷம் என்று பயந்து தொடமாட்டான். மில்லார்தே என்ற பேராசிரியர் அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கவனித்து, 1885ல் இதை மருந்தாக உலகத்துக்குச் சொன்னார். திருடனுக்குப் பயந்து வைத்தது நோய்க்கு மருந்தாகிவிட்டது. அந்த ஒயின் சீமையிலிருந்து மருந்து மட்டும் நம்ம எலுமிச்சைக் கொல்லை வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள்.

இவ்வளவும் இருந்தும் சம்பந்தி முகத்தில் சிரிப்பு இல்லை. காரணம் அந்த மெல்லிசுத் தோல். பன்னீர் திராட்சை பறித்தால் ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். வியாபாரி அன்றைக்கு என்ன விலை சொல்கிறானோ அதுதான் விலை. வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்க முடியாது. நான் போயிருந்த ஒரு தடவை, மழையும் சேர்ந்துகொண்டதில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஒரு பக்கத்துக் கொத்தை அப்படியே பந்தலில் விட்டிருந்தார். தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. அதே வாரம் காரைக்குடி தள்ளுவண்டியில் தோட்டத்து விலைக்கு மூணு மடங்கில் விற்றான்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒயின் என்றால் நாம குடி என்று மட்டும் நினைக்கிறோம். விவசாயி கண்ணால் பார்த்தால் அது வேறு. எங்க ஆத்தா மிளகாய் மலிந்தால் மோர் மிளகாய் போடுவாள், மாங்காய் மலிந்தால் வத்தல் போடுவாள், சுண்டைக்காயைக்கூட விடமாட்டாள். செட்டிநாட்டு வீடுகளில் முற்றம் அவ்வளவு பெரிசாக இருப்பதே காயப்போடத்தானோ என்று சின்ன வயதில் நினைப்பேன். ஒயினும் அந்த சாதிதான். மூணு நாளில் அழுகப்போகிற பழத்தை மூணு வருசத்துக்கு நிறுத்தி வைக்கிற வழி. பீப்பாயில் இருக்கிற சரக்குக்காரன் வியாபாரியிடம் "நாளைக்கு வா" என்று சொல்லலாம். கொத்தில் இருக்கிற சரக்குக்காரனால் முடியாது.

மகாராஷ்டிராக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நாசிக்கில் சுலா கம்பெனி 1999ல் தொடங்கினது. 2001ல் அந்த அரசாங்கம் திராட்சை பதப்படுத்துவதற்கென்றே ஒரு கொள்கை போட்டு வரிச் சலுகை கொடுத்தது. கர்நாடகாவும் 2007ல் ஒயின் கொள்கை கொண்டு வந்தது. நாசிக்கில் புவிசார் குறியீடு ஒயினுக்கே இருக்கிறது. நமக்குப் பழத்துக்கு இருக்கிறது. பன்னீர் ரகம் ஒயினுக்கு ஆகாது, நிறமும் துவர்ப்பும் பத்தாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. கனமான சிவப்பு ஒயின் இதில் வராது. வாசமான, லேசான ஒயின்தான் வரும். ஆனால் சீனாவில் தியான்ஜின் என்ற ஊரில் 1980ல் பிரெஞ்சுக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஒயின் ஆலை வைத்தார்களே, அவர்கள் வெள்ளை ஒயின் போட்டது இதே மஸ்கட் ஹாம்பர்க்கில்தான். கம்பத்திலும் ஒயினுக்குப் போகிறது கொஞ்சம் உண்டு. பெரும்பகுதி லாரி ஏறி, தின்கிற பழமாகத்தான் போகிறது. ஆலை வேண்டும் என்று அங்கே விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நம்ம மாநிலத்தில் இது லேசான காரியம் இல்லை என்பதும் எனக்குப் புரிகிறது. 1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டு வந்ததிலிருந்து திறப்பதும் மூடுவதுமாகவே நம்ம கதை ஓடியிருக்கிறது. 1983ல் டாஸ்மாக் வந்தது. 1987ல் கள்ளையும் சாராயத்தையும் தடை செய்தார்கள். 2003லிருந்து சில்லறை விற்பனையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. நான் குடிக்கிறவன் இல்லை. குடியால் அழிந்த குடும்பம் எங்க தெருவிலேயே மூணு இருக்கிறது. அதனால் 'திறந்து விடுங்கள்' என்று வாய் கூசாமல் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஆலையில் காய்ச்சின சரக்கு கடையில் இருக்கும்போது, மரத்தில் இறக்கினதும் தோட்டத்தில் விளைந்ததும் மட்டும் படி ஏறக் கூடாது என்றால் எனக்குக் கோபம் வருகிறது. எங்க கண்மாய்க் கரையில் முப்பது பனை நிற்கிறது. மாநில மரம் என்று பேர். ஏறுகிற ஆள் இல்லாமல் மட்டை காய்ந்து தொங்குகிறது. பனையேறி தாத்தாவின் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

போன மாசம் போய்விட்டுத் திரும்பும்போது சம்பந்தி பத்துக் கிலோ பழம் கட்டிக் கொடுத்தார். "பஸ்ல நசுங்கிரும், வேணாம்" என்றால் கேட்கவில்லை. மதுரையில் கூட்டத்தில் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், அடியில் இருந்த கொத்தெல்லாம் நசுங்கிச் சாறு ஒழுகி, ரோசா வாசத்தோடு லேசாகப் புளித்த வாசமும் அடித்தது. வீட்டுக்காரி நல்ல பழத்தைப் பிரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி ஜாடியில் ஊற்றி வைத்தாள்.

நேற்று ராத்திரி சம்பந்தி போன் பண்ணினார். ஒரு ஏக்கர் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கப் போகிறாராம். கம்பியை எடைக்குப் போட்டுவிட்டார். கல்தூணை வாங்க ஆள் கிடைக்கவில்லை, உங்க பக்கம் வேலிக்கு யாரும் கேட்டால் சொல்லுங்கள் என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.