கணக்குத் தாளுக்குப் புள்ளி வந்த கதை

தோட்டத்தில் பால் நிறுக்கும் நேரம் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் எழுந்து, மரம் மரமாக வெட்டி, மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து கொண்டுவந்து கொட்டகையில் நிற்கும்போது, எல்லாருடைய கண்ணும் தராசின் மேல்தான் இருக்கும். காலையெல்லாம் பட்ட பாடு அந்தத் தராசில்தான் காசாக மாறுகிறது. தராசு சரியாக இருக்கிறதா, நிறுப்பவர் நேராக நிறுக்கிறாரா என்று கேட்பது உழைத்தவருடைய உரிமை.

சோதனை முடிவுகள் வரும் நாளில் பெற்றோர்கள் எங்களிடம் கேட்பதும் அதே கேள்விதான். "எங்கோ தொலைவில் இருக்கும் யாரோ ஒருவர் என் பிள்ளையின் தாளைத் திருத்துகிறார். அவருக்கு என் பிள்ளையைத் தெரியாது. அவர் நியாயமாகப் புள்ளி கொடுத்தார் என்று எப்படி நம்புவது?" இது நியாயமான கேள்வி. இதற்கு விடை ஒரு நீண்ட வரலாற்றில் இருக்கிறது. இன்று அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

திருத்துபவருக்கு மாணவரைத் தெரியாது என்பதைச் சிலர் குறையாக நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் முதல் பாதுகாப்பு. இதை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் சீனர்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் எடுக்க அவர்கள் பெரிய தேர்வுகளை நடத்தினார்கள். அங்கே முக்கியப் பாடம் கணக்கு அன்று. பழைய நூல்களும் கட்டுரையும்தான். ஆனாலும் சோங் மன்னர்கள் காலத்தில், அதாவது ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன், விடைத்தாளில் இருக்கும் பெயரை மறைத்து ஒட்டிவிடும் வழக்கம் வந்தது. கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதற்காக எழுத்தர்களை அமர்த்தி, ஒவ்வொரு தாளையும் வேறு கையால் படியெடுக்கச் செய்து, அந்தப் படியையே தேர்வாளரிடம் கொடுத்தார்கள். இன்று நம் பிள்ளைகள் சோதனைத் தாளில் பெயருக்குப் பதிலாக எண் எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. எதற்கு எவ்வளவு புள்ளி என்பதற்கு ஓர் அளவு வேண்டும். கணக்குச் சோதனையில் அந்த அளவு பிறந்த இடங்களுள் முதன்மையானது இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம்.

அங்கே ஒரு காலத்தில் எழுத்துத் தேர்வே இல்லை. மாணவன் எல்லாருக்கும் முன்னால் நின்று, லத்தீன் மொழியில் ஒரு கருத்தை நிலைநாட்ட வேண்டும். மற்ற மாணவர்கள் அதை எதிர்த்து வாதாடுவார்கள். மேற்பார்வை செய்யும் ஆசிரியர் கேட்டுவிட்டு, இவன் கெட்டிக்காரன், இவன் நடுத்தரம் என்று முடிவு சொல்வார். பேச்சில் வல்லவனுக்கும் பெரிய இடத்துப் பிள்ளைக்கும் அது வசதியாக இருந்திருக்கும். கூச்சப்படுகிற பிள்ளையின் அறிவு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

18ஆம் நூற்றாண்டில் இந்நிலை மெல்ல மாறியது. கணக்குகளைக் கொடுத்து எழுத வைத்தார்கள். தொடக்கத்தில் கேள்விகளை அச்சிட்டுக்கூடத் தரவில்லை; தேர்வாளர் வாயால் சொல்ல, மாணவர்கள் கேட்டு விடை எழுதினார்கள். தேறியவர்களை அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். முதல் வகுப்பில் தேறியவருக்கு 'ராங்லர்' என்று பெயர். வாதாடுபவர் என்பது அதன் பொருள். வாதாடும் வழக்கம் போன பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

அப்போதும் ஒரு குறை இருந்தது. தேர்வாளர் தாள் முழுவதையும் படித்துவிட்டு, மொத்தமாக மனத்தில் பட்ட மதிப்பைச் சொன்னார். 1792ஆம் ஆண்டில், அங்கே தேர்வை மேற்பார்வையிட்ட வில்லியம் ஃபாரிஷ் என்பவர், ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக எண்ணால் புள்ளி கொடுத்து, கடைசியில் கூட்டிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். கேட்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் அதுவரை தேர்வாளருடைய மனத்துக்குள் இருந்த தீர்ப்பு அன்று காகிதத்துக்கு வந்தது. காகிதத்தில் இருப்பதை இன்னொருவர் சரிபார்க்கலாம். ஏன் என்று கேட்கலாம். மனத்தில் இருப்பதை யார் சரிபார்ப்பது?

இந்த அளவுகோலின் பயன் 1890ஆம் ஆண்டில் உலகுக்கே தெரிந்தது. அந்நாளில் கேம்பிரிட்ஜில் பெண்கள் கணிதத் தேர்வை எழுதலாம். ஆனால் பட்டம் கிடைக்காது. அவர்களுடைய முடிவை ஆண்களின் வரிசையில் சேர்க்காமல் தனியாக வாசிப்பார்கள். இந்தப் பெண் ஆண்களில் எத்தனையாவது இடத்துக்குச் சமம் என்று மட்டும் சொல்வார்கள். அவ்வாண்டு பிலிப்பா ஃபாசெட் என்ற பெண்ணின் பெயர் வந்தபோது, 'முதல் ராங்லருக்கும் மேலே' என்று வாசிக்கப்பட்டது. ஆண்களில் முதலாவதாக வந்தவரைவிட அவருக்குப் புள்ளி அதிகம். பெண்களுக்குக் கணக்கு வராது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அவருக்குப் பட்டம் தர மறுத்தது பல்கலைக்கழகச் சட்டம். ஆனால் புள்ளியை மறுக்க யாராலும் முடியவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். அளக்கும் கோல் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால், ஊர் மறைக்கும் உண்மையையும் அது காட்டிவிடும். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை மறவாதிருக்க வேண்டும்.

அதே கேம்பிரிட்ஜின் பள்ளித் தேர்வுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மண்ணுக்கும் வந்தன. சிங்கப்பூர், பினாங்கு போன்ற இடங்களில் ஆங்கிலப் பள்ளி மாணவர்கள் எழுதிய விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்த் திருத்தப்பட்டன. 'சீனியர் கேம்பிரிட்ஜ்' தேறியவர் என்றால் அந்நாளில் தனி மதிப்பு. தோட்டத்துப் பிள்ளைகளில் அந்தத் தேர்வு வரை போனவர்கள் மிகச் சிலரே.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. புள்ளி எண்ணாக வந்ததும், அந்த எண்ணையே சோதித்துப் பார்க்கச் சில அறிஞர்கள் முன்வந்தார்கள். அயர்லாந்தில் பிறந்த எட்ஜ்வொர்த் என்பவர் 1888இலும் 1890இலும் எழுதிய கட்டுரைகளில், தேர்வில் தற்செயலுக்கும் பங்குண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தேர்ச்சிக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தாள் வேறொருவர் கைக்குப் போயிருந்தால், முடிவே மாறியிருக்கலாம் என்றார்.

"கட்டுரைக்கு அப்படி நேரலாம், கணக்குக்கு நேருமா? இரண்டும் இரண்டும் நான்குதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் இதைச் சோதித்து, 1913இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு மாணவனின் வடிவகணித விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்கள் அதைத் திருத்தினார்கள். ஒருவர் 90க்கு மேல் கொடுத்தார்; இன்னொருவர் 30க்கும் குறைவாகக் கொடுத்தார். ஒரே தாள்! சிலர் அதைத் தேறிய தாள் என்றார்கள். சிலர் தேறாத தாள் என்றார்கள்.

ஏன் இவ்வளவு வேற்றுமை? கூட்டலில் யாரும் தவறவில்லை. எதற்குப் புள்ளி என்பதில்தான் ஒருமைப்பாடு இல்லை. ஒருவர் கடைசி விடையைப் பார்த்தார். இன்னொருவர் செய்த வழியைப் பார்த்தார். வேறொருவர் தாள் துப்புரவாக இல்லையென்று குறைத்தார். தராசு ஆளுக்கு ஒன்றாக இருந்தால் நிறை எப்படி ஒன்றாகும்?

இதற்குக் கண்ட மருந்துதான் இன்றைய புள்ளி வழங்கும் திட்டம். தாளைத் திருத்தத் தொடங்குமுன்னரே, ஒவ்வொரு கணக்கிலும் எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். திருத்துபவர்கள் ஒன்றுகூடி, மாதிரித் தாள்கள் சிலவற்றைத் திருத்தி ஒப்பிட்டு, எல்லாரும் ஒரே அளவைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு தலைமைத் தேர்வாளர் ஒவ்வொருவருடைய தாள்களிலிருந்தும் சிலவற்றை எடுத்து மறுபடி பார்க்கிறார். நம் நாட்டில் 1956இல் தேர்வு வாரியம் அமைந்தது. ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு, 1988இல் தொடங்கி 2021இல் நிறுத்தப்பட்ட யு.பி.எஸ்.ஆர்., இன்றும் நடந்துவரும் எஸ்.பி.எம். என்று தேர்வுகளின் பெயர்கள் மாறி மாறி வந்துள்ளன. ஆனால் வழிமுறைக்கு ஒரு புள்ளி, விடைக்கு ஒரு புள்ளி என்று பிரித்துக் கொடுக்கும் கொள்கை கணிதத் தாள்களில் நிலைத்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஒரு காட்டில் 24 நிரைகள். நிரைக்கு 18 மரங்கள். இரண்டு பேர் சமமாகப் பிரித்துக்கொண்டு வெட்டினால் ஆளுக்கு எத்தனை மரம்? இதற்கு 4 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 24ஐ 18ஆல் பெருக்க வேண்டும் என்று கண்டதற்கு 1. 432 என்ற விடைக்கு 1. அதை 2ஆல் வகுக்க வேண்டும் என்று கண்டதற்கு 1. 216 என்ற விடைக்கு 1.

ஒரு பிள்ளை பெருக்கும்போது தவறி 422 என்று எழுதிவிட்டது. பிறகு முறையாக 2ஆல் வகுத்து 211 என்று முடித்தது. கடைசி விடை தவறுதான். ஆனாலும் வழிமுறைப் புள்ளிகள் இரண்டும் அதற்கு உண்டு. முதலில் செய்த ஒரு பிழைக்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கக்கூடாது என்று திட்டத்தில் இருந்தால், கடைசிப் புள்ளியும் கிடைக்கலாம். இன்னொரு பிள்ளை அதே கணக்கை அதே வழியில் மனத்துக்குள் செய்து, அதே பிழையைச் செய்து, 211 என்று மட்டும் எழுதிவைத்தது. அதற்கு ஒன்றுமில்லை. இருவருக்கும் தெரிந்தது ஒன்றே. ஒருவர் வழியைக் காட்டினார், மற்றவர் காட்டவில்லை. பார்க்காததற்கு எந்தத் தேர்வாளரும் புள்ளி கொடுக்க முடியாது.

இதை நாங்களும் தொடக்கத்திலேயே உணர்ந்திருக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புதிதில், விடை தவறினால் கணக்கு முழுவதையும் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்துவிடுவோம். கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் வாங்கியதில் பெருமையும் இருந்தது. ஒருநாள் ஒரு தகப்பனார் மகனுடைய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பெருக்கல் வகுத்தல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பக்கம் நிறைய மகன் எழுதியிருப்பதையும், அதன்மேல் எங்கள் கோட்டையும் பார்த்திருக்கிறார். "வாத்தியாரையா, நான் முந்நூறு மரம் வெட்டுறேன். கடைசி மரத்துல மங்கு கவுந்து போச்சுன்னா, கிராணி என் வாளிப் பால் முழுசையுமா இல்லைன்னு தள்ளுவாரு?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவு அந்த வகுப்பின் தாள்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்து, படி படியாகத் திருத்தினோம். தேறாதவர் என்று நாங்கள் எழுதியிருந்த பிள்ளைகளில் சிலர் தேறியிருந்தார்கள். அந்தப் பையனும் அவர்களில் ஒருவன்.

அறிஞர்கள் ஆராய்ந்து கண்டதை அந்தத் தகப்பனார் தம் வாளியிலிருந்தே கண்டிருந்தார்.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் கணக்குச் செய்யும்போது விடையை மட்டும் பார்த்துத் திட்டாதீர்கள். "எப்படிச் செய்தாய், காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எடுத்துச் சொல்லும்போதே பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும். மாணவர்களே, வழியை வரிவரியாக எழுதுங்கள். தவறு என்று தோன்றினால் அழிப்பானால் தேய்த்துத் தாளைக் கிழிக்காமல், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே புதிதாகச் செய்யுங்கள். முடிவு தெரியாத கணக்கையும் வெறுமையாக விடாதீர்கள். தெரிந்த படி வரை செய்யுங்கள். அதற்கும் புள்ளி உண்டு.

கடைசியாக ஒன்று. திருத்துபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தாளில் உள்ளதைத்தான் அவர் நிறுக்க முடியும். உங்கள் பிள்ளை அமைதியான இடமில்லாத வீட்டில் படித்ததா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே படித்ததா என்பது அவருக்குத் தெரியாது. அதற்குப் புள்ளியும் இல்லை. அந்த நியாயத்தைத் தேர்வாளரிடம் எதிர்பார்க்க முடியாது. தினமும் ஒரு மணி நேரம் வானொலியை அணைத்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு மேசையும் அமைதியும் தருவது வீட்டின் கடமை. தெரியாததைப் பொறுமையாகத் திரும்பச் சொல்லித் தருவது எங்கள் கடமை. நாம் இருவரும் செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பினால், தராசு நேராகவே நிறுக்கும் என்று நம்பிப் பிள்ளையைச் சோதனை மண்டபத்துக்கு அனுப்பலாம்.