சாப்பா கிடைத்தால்தான் சாப்பாடு

நேற்று வெலிங்டன் தீவில் வேலை முடிந்து வீடு வந்து சேர மணி ஏழே முக்கால். தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை, கூடவே மழை. தங்கமணியும் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு என்ன?" என்று ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டோம். பதில் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். கஞ்சியும் பயறும்!

நம்ம ஊரில் கஞ்சி என்றால் காய்ச்சல்காரர்களுக்கு. மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், நல்லா இருக்கிற மனிதர்கள் ராத்திரி கஞ்சி குடிப்பதைப் பார்த்துச் சிரித்தவன்தான் நானும். இப்போது வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டிலும் அதுதான். காலையிலேயே ஊறப்போட்ட சிவப்புக் குத்தரிசி குக்கருக்குள் போகும். பக்கத்து அடுப்பில் பாசிப்பயறு வேகும். தேங்காய், சீரகம், பூண்டு, பச்சை மிளகாயை ஒன்றிரண்டாகத் தட்டிப் பயறில் போட்டால் வேலை முடிந்தது. தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளமும், அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காயும். அந்த நார்த்தங்காய் மட்டும் தமிழ்நாடு :-)

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது எதிர்வீட்டு இக்கா எட்டிப் பார்த்தார். எண்பதைத் தாண்டியவர். வாசனை பிடித்துவிட்டார். "கஞ்சியா? உட்காரலாமா?" என்றார். சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்ன ஒரு விஷயம் ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடியது. அதைச் சொல்வதற்கு முன் தீவின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் தினமும் வேலைக்குப் போகிற அந்தத் தரையில் பெரும்பகுதி, நூறு வருஷத்துக்கு முன்னால் காயலுக்கு அடியில் கிடந்தது. அப்போது கொச்சி முகத்துவாரத்தை ஒரு மணல்திட்டு மறித்துக்கொண்டிருந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நிற்கும். சரக்கைப் படகில்தான் கொண்டுவர வேண்டும். 1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்தார். திட்டை வெட்டினார்கள், காயலை ஆழப்படுத்தினார்கள். அள்ளிய மண்ணை வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டிக் கொட்டி ஒரு பெரிய தீவையே உண்டாக்கினார்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்து பிறகு வைஸ்ராய் ஆன வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. 1928-இல் கப்பல் உள்ளே வந்தது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகம் ஆனது.

கப்பல் வந்தால் அரிசியும் வரும். கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் விளைந்த நெல் அங்குள்ள மக்களுக்குப் போதாது. பர்மா அரிசியை நம்பித்தான் உலை கொதித்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. ரேஷனும் பட்டினியும் வந்தன. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்துப் பரவிய மரவள்ளிக்கிழங்குதான் அந்த நாட்களில் பல வயிறுகளைக் காப்பாற்றியது. அரிசி இருந்த வீட்டில் கஞ்சி. ஆள் கூடினால் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம், சோற்றில் அது முடியாதே! நான் சிரித்த அந்த ராத்திரிக் கஞ்சிக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருந்தது.

சரி, இப்போது இக்கா சொன்னதற்கு வருகிறேன்.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அன்று நிரந்தர வேலை கிடையாது. விடிகாலையில் கூட்டமாக வந்து நிற்பார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். அதற்குப் பெயர் 'சாப்பா'. விழுந்து புரண்டு, பக்கத்தில் நிற்பவன் கையை முறுக்கி, வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று வேலை. பிடிக்காதவனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. நம்ம 'சாப்பாடு'க்கும் இந்தச் சாப்பாவுக்கும் சொல்லளவில் சம்பந்தமில்லை. ஆனால் மட்டாஞ்சேரியில் சாப்பா கிடைத்தால்தான் சாப்பாடு.

"வாப்பா வந்ததும் உம்மா முகத்தைப் பார்க்க மாட்டாங்க, கையைத்தான் பார்ப்பாங்க. அப்புறம்தான் உலை வைக்கணுமா வேண்டாமான்னு முடிவு" என்றார் இக்கா.

துறைமுகத் தொழிலாளர் வேலையை முறைப்படுத்த 1948-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. 1953 வந்தும் அது இந்தக் கரைக்கு வந்து சேரவில்லை. அந்த வருஷம் சாப்பாவை ஒழிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி என்ற மூன்று பேரை அந்தப் போராட்டத்தின் தியாகிகளாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். பின்னாளில் தொழிலாளர் வாரியம் வந்தது, சாப்பா போனது. 2023-இல் வெளிவந்த 'துறமுகம்' மலையாளப் படம் இந்தக் கதைதான். பார்க்காதவர்கள் பாருங்கள்.

இன்று கண்டெய்னர்கள் எல்லாம் வல்லார்பாடத்துக்குப் போய்விட்டன. 2011-இல் அங்கே முனையம் திறந்தார்கள். தீவில் முன்பிருந்த இரைச்சல் இல்லை. என் கழுத்திலும் தினமும் ஒரு அட்டை தொங்குகிறது, வாசலில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஒரே வித்தியாசம், அதை யாரும் என்மேல் வீசி எறியவில்லை. நாளைக்கும் அது என்னுடையதுதான்.

வெளியூரில் வேலை பார்க்கும் நமக்கெல்லாம் ராத்திரிச் சமையல் ஒரு அலுப்பு. "யாருப்பா இப்ப அடுப்புப் பத்த வைக்கிறது?" என்று நானும் எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறேன். களைப்பு பொய் இல்லை. ஆனால் பத்த வைக்கலாமா என்று இன்னொருவன் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை நமக்கு இல்லை.

இக்கா இரண்டாவது தடவையும் கஞ்சி வாங்கிக்கொண்டார். போகும்போது தங்கமணியிடம், "பயறு நல்லாருக்கு மோளே, உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார்.

பயறு வைத்தது நான். சொல்லவில்லை :-)