முன்கணிப்பிலிருந்து விளக்கத்துக்கு: இருதுருவக் கோளாறும் மூளைப் பட ஆய்வும்

பைபோலார் எனப்படும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட 20 முதல் 30 மடங்கு அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. யாருக்கு ஆபத்து என்பதை உடலில் தெரியும் ஓர் அடையாளத்தைக் கொண்டு முன்கூட்டியே சொல்லிவிடும் ஆசை, மூளைப் படங்களுக்கு முன்பே பிறந்தது. 1976இல் சுவீடனில் மாரி ஓஸ்பெரியின் குழு, மனச்சோர்வு நோயாளிகளில் மூளைத் தண்டுவட நீரில் செரட்டோனினின் சிதைவுப் பொருள் குறைந்திருந்தவர்களிடம் தற்கொலை முயற்சி அதிகம் எனக் கண்டது. பின்னர் பெட், எம்.ஆர்.ஐ. ஆகிய மூளைப் படக் கருவிகள் அதே கேள்வியை மூளைக்குள்ளேயே கொண்டுபோயின. கருவிதான் மாறியது, எதிர்பார்ப்பு அப்படியே நின்றது. இத்துறையின் இடர்ப்பாடு அந்த எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எதிர்பார்ப்பின் கணக்கை அலெக்ஸ் பொக்கோர்னி 1983லேயே போட்டுக் காட்டிவிட்டார். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்த 4,800 மனநல நோயாளிகளை அவர் சில ஆண்டுகள் தொடர்ந்தார். 67 பேர் தற்கொலை செய்துகொண்டனர். ஆபத்து அதிகம் என்று அளவுகோல்கள் பிரித்துக் காட்டிய 803 பேரில் இறந்தவர்கள் 30. மீதி 37 பேர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 773 பேர் காரணமின்றி அச்சத்துக்குரியவர்களாகக் குறிக்கப்பட்டார்கள். அரிதாக நிகழும் ஒன்றை முன்கணிக்கும்போது எந்த அளவுகோலும் இந்தக் கணக்கில்தான் வந்து சிக்கும். ஸ்கேன் மட்டும் விதிவிலக்காக முடியாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, மரணம் தொடர்பான சொற்களை நினைக்கும்போது எழும் மூளை இயக்கத்தைக் கொண்டு, தற்கொலை எண்ணம் உள்ள 17 பேரை அது இல்லாத 17 பேரிடமிருந்து 91 விழுக்காடு சரியாகப் பிரித்ததாக அறிவித்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. 2023இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அதே 2017இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹிலாரி புளும்பெர்க்கின் குழு இன்னும் நிதானமான வேலையைச் செய்தது. இருதுருவக் கோளாறு உள்ள இளையோரில் தற்கொலைக்கு முயன்ற 26 பேரை முயலாத 42 பேருடன் ஒப்பிட்டது. முயன்றவர்களிடம் கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் புறணியிலும் ஹிப்போகாம்பஸிலும் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. முன்மூளையை உணர்ச்சி மையங்களோடு இணைக்கும் கொக்கிவடிவ நரம்புக்கற்றையும் நலிந்திருந்தது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் பாதை தளர்ந்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் படம் எடுக்கப்பட்டது முயற்சிக்குப் பிறகு. முன்பே இருந்த தளர்வா, நோயும் மருந்தும் விட்டுச்சென்ற தடமா என்பதை ஒரே ஒரு படம் சொல்லாது. இந்நோய்க்கான மருந்தான லித்தியத்தைக் கொடுத்த நான்கே வாரங்களில் பத்து நோயாளிகளில் எட்டுப் பேருக்குச் சாம்பல்நிறப் பொருள் கூடியதாக 2000இல் லான்செட் இதழில் வந்த சிறு ஆய்வை இங்கே மறந்துவிடக் கூடாது.

மாதிரி சிறிது, அதனால்தான் குழப்பம், பெருக்கினால் தீரும் என்பார்கள். இக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனிக்மா போன்ற பன்னாட்டுக் கூட்டமைப்புகள் ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றுசேர்ப்பது இதற்காகத்தான். ஆனால் மாதிரி பெருகப் பெருக, வேறுபாடுகள் நம்பகமாகின்றன, கூடவே சிறுத்தும் போகின்றன. குழுக்களின் சராசரியில் தெரியும் நூலிழை வித்தியாசம், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது.

அப்படியானால் இந்த ஆய்வுகள் வீணா? இல்லை. எந்த நரம்புப் பாதை தளர்கிறது, சிகிச்சை அதை எங்கே தொடுகிறது என்பதை அறிய இவற்றைவிட நல்ல வழி நம்மிடம் இல்லை. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே நோயாளிகளைப் பல ஆண்டுகள் படமெடுத்துத் தொடரும் ஆய்வுகளுக்கே இனிப் பணம் போக வேண்டும். தனி ஒருவரின் ஆபத்தை அளக்க ஸ்கேன் எடுக்கச் சொல்வதற்கு இன்று மருத்துவ ஆதாரம் இல்லை.